பின்வாசல் வழியாக ஓடிய என் விஞ்ஞானிகள்

அறிவியல் தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஓர் உயிரைப் படைக்க அரைப் பக்கம் போதும். படைத்ததை வைத்துக்கொண்டு மீதி வாரங்களை ஓட்டுவதுதான் தலைவலி. மலேசியாவில், ஈப்போவில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பல ஆண்டுகளாக இந்த வேலையைப் பார்க்கிறேன். தொடர்கதை எழுதி மாட்டிக்கொண்டவர்களுக்கும், படித்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் என் பாடு புரியும்.

விளக்கை அணைத்தவர்

என் முதல் விஞ்ஞானி, சுண்ணாம்புக் குகை ஒன்றில் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மனிதனை உருவாக்கினார். அது கண் திறந்ததும் பயந்துபோய், விளக்கை அணைத்துவிட்டு லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். பிரமாதமான முடிவு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சித்தியவான் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் மாரியப்பன் என்ற வாசகர் போன் செய்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"பொரிச்ச குஞ்சுக்கு மொத நாளு சூடு வெக்கலன்னா செத்துரும்ணே. ஒங்காளு வெளக்க அமத்திட்டுல்ல பிளேன் ஏறிட்டாரு. அது பசியாறுச்சா இல்லையான்னுகூட எழுதலியேலா."

ஞாபகம் போனவர்

அடுத்தவர் மூடிப்போன ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஆராய்ச்சி செய்தார். அவர் படைத்த பிராணி ஊருக்குள் புகுந்து ஆட்களை அடித்தது. போலீஸ் வந்து விசாரித்தபோது என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. விஞ்ஞானியை மயங்கி விழவைத்து, எழுந்ததும் எல்லாம் மறந்துவிட்டதாக முடித்துவிட்டேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த இரும்புக்கடைச் செட்டியார், பாயசம் வரும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"எங்க வீட்டுப் பூனை குட்டி போட்டா ஏழு எடம் மாத்தி வச்சுப் பாக்குது. ஒங்க ஆளு இம்புட்டுப் படிச்சுப்புட்டு மயக்கம் போட்டு விழுந்துட்டாரே."

பெயரில்லாத ‘அது’

சிலிபினில் நான் டீ குடிக்கும் ஒட்டுக்கடையில் விஜயா என்ற பெண் வேலை செய்கிறார். முப்பது வயதிருக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், பிறப்பைப் பதியாமலே அப்பா ஓடிவிட்டார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிக்கூடம் இல்லை, ஐசி என்கிற அடையாள அட்டையும் இல்லை. கடைக்கு வரும் பத்திரிகையில் தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்தவர். என் மூன்றாவது தொடரில் விஞ்ஞானி உருவாக்கிய பிள்ளைக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. ‘அது’ என்றே எழுதிவந்தேன். ஒருநாள் டீயை வைத்துவிட்டு நின்றார்.

"அதுக்கு ஐசி இருக்காண்ணே? எனக்கு ஐசி கேட்டுப் பதிவு ஆபீஸ் கவுண்டருக்கு எப்பப் போனாலும், அப்பா எங்கன்னுதான் கேக்குறாங்க. ஒங்க கதையிலயாச்சும் அந்தாளு வந்து, இது என் பிள்ளதான்னு ஒரு கையெழுத்துப் போடட்டும்ணே."

கடைசி வாரம்

எழுதுகிறேன் என்று சொன்னேன். உட்கார்ந்தபோது, எந்தப் படிவம், எந்தக் கவுண்டர், என்ன கேட்பார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. விஜயாவிடமே கேட்டிருக்கலாம்; பத்து வருடமாக அலைகிறவர். கேட்க எனக்குச் சோம்பல். ஆராய்ச்சிக்கூடத்தில் தீப்பிடிக்கவைத்தேன். ‘அது’ உள்ளே எரிந்துபோனது. விஞ்ஞானி பின்வாசல் வழியாகத் தப்பிவிட்டார். பத்திரிகை வந்த பிறகு இரண்டு நாள் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். விஜயா எப்போதும்போல் டீ கொண்டுவந்து வைத்தார். கோபித்திருந்தால்கூடத் தேவலை. மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்கப்பாவும் ஓடித்தான் போனாருண்ணே. ஆனா எங்கள உள்ள வச்சு வீட்டக் கொளுத்திட்டுப் போவல."

இன்னும் ஒரு வாரம் கொடுங்கள், முடிவை மாற்றுகிறேன் என்று ஆசிரியரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் சமையல் குறிப்பு போட்டாகிவிட்டது என்றார். படைத்ததைக் கைவிட்டு நழுவிய மூன்று பேரையும் இத்தனை நாள் வாசகர்களோடு சேர்ந்து நானும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன், அத்தனை பேருக்கும் பின்வாசலைத் திறந்துவிட்டவன் நான்தான் என்பதை மறந்து.