தண்ணி குடிச்சிட்டுக் கையை நீட்டுங்கோ

இரத்தம் எடுக்கிற வேலையிலை ஊசி குத்திறது பெரிய விஷயமில்லை, நரம்பைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை. மொன்றியலிலை, செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு கிளினிக்கிலை பதினொரு வருசமா விடிய ஏழு மணியிலையிருந்து இதைத்தான் செய்யிறன். அங்கை தமிழ் கதைக்கிற ஆள் நான் ஒருத்திதான். அந்தக் கையிலை ஒருக்கா, இந்தக் கையிலை ஒருக்கா எண்டு குத்து வாங்கி, "உங்களுக்கு நரம்பு ஓடுது" எண்டு பேச்சும் வாங்கினவை உங்களிலை கனபேர் இருப்பியள். நரம்பு ஒரு இடமும் ஓடுறேல்லை. உடம்பிலை தண்ணி குறைஞ்சா அது சுருங்கிப்போய்க் கிடக்கும், அவ்வளவுதான். குத்து வாங்கிற உங்கட பாடு உங்களுக்குத் தெரியும், குத்துற என்ரை பாட்டையும் ஒருக்காக் கேளுங்கோ.

வெறும் வயிறு

"வெறும் வயித்தோடை வாங்கோ" எண்டு சொன்னா மற்றச் சனம் சாப்பிடாமல் வரும். எங்கட சனம் எச்சிலும் விழுங்காமல் வரும். தூரத்து இல்-பிசாரிலையிருந்து பஸ்சுக்குக் காத்து நிண்டு, பிறகு மெற்றோ எடுத்து வந்த ஒரு ஐயா, முதல்நாள் பின்னேரத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணியும் வாயிலை வைக்கேல்லை. றப்பர் பட்டியைக் கட்டிப்போட்டு ரெண்டு கையையும் தடவுறன், ஒண்டும் தட்டுப்படேல்லை. ரெண்டு தரம் குத்தியும் வரேல்லை. எங்கட கிளினிக்கிலை ஒராள் ரெண்டு தரம்தான் குத்தலாம். பிறகு மற்ற ஆளைக் கூப்பிட வேணும். பக்கத்துக் கதிரையிலை வேலை செய்யிற மிஷ்லினைக் கூப்பிட்டன். அவ ஹெயிட்டிக்காரி, நரம்பு பிடிக்கிறதிலை என்னைவிடக் கெட்டிக்காரி. அவவும் ரெண்டு தரம் குத்திப்போட்டுக் கையை விரிச்சிட்டா.

கடைசியிலை ரெண்டு கிளாஸ் தண்ணி குடுத்து, முக்கால் மணித்தியாலம் இருத்தி வச்சு எடுத்தம். "ஐயா, சாப்பாடுதான் கூடாது. தண்ணி வடிவாக் குடிக்கலாம்" எண்டன். அவர் சேட்டுக் கையை இறக்கி விட்டுக்கொண்டு என்னைப் பாத்தார். "தண்ணியும் குடிச்சா அதென்ன பிள்ளை விரதம்?"

தாகமே இல்லை

தை மாதத்திலை ஒரு சென்னைப் பொடியன் வந்தான். புவாண்ட்-கிளேரிலை கம்பியூட்டர் வேலை, கனடாவிலை முதல் குளிர்காலம். உதடு வெடிச்சு இரத்தம் கசியுது, ஒரு கிழமையாத் தலையிடி எண்டான். எடுத்து முடிச்சு எழும்பினவன் அப்பிடியே சரிஞ்சான். நானும் மிஷ்லினும் பிடிச்சுக் கிடத்தி, காலை உயத்தி வச்சு, கொஞ்ச நேரத்தாலை ஜூஸ் குடுத்தம்.

நேற்று எவ்வளவு தண்ணி குடிச்சனீர் எண்டு கேட்டன். நாலு கோப்பி குடிச்சவனாம், தண்ணி ஞாபகமில்லையாம். குளிருக்கை தாகம் தெரியாது. ஆனா நாள் முழுக்க ஹீற்றர் போட்ட வீட்டிலையும் ஒஃபிசிலையும் இருந்தா தோலும் தொண்டையும் காஞ்சுகொண்டுதான் இருக்கும் எண்டு விளங்கப்படுத்தினன். அவன் கட்டிலிலை படுத்தபடியே யன்னலுக்கு வெளியிலை கொட்டுற ஸ்னோவைக் காட்டினான். "அக்கா, வெளிய மைனஸ் இருபத்தஞ்சு. இதுல எந்த மனுஷனுக்குத் தாகம் எடுக்கும்?"

பவானி அக்கா

அதே குளிருக்கைதான் பவானி அக்கா வரத் தொடங்கினவ. அவவின்ரை மனுசன் இராசன் அண்ணைக்கு ரெண்டு கிட்னியும் போய், ரெண்டு வருசமாக் கிழமைக்கு மூண்டு நாள் டயலிசிஸ். அக்கா தன்ரை கிட்னியிலை ஒண்டைக் குடுக்கிறன் எண்டு நிண்டா. இரத்த வகை பொருந்திச்சு, மற்றதெல்லாம் பொருந்திச்சு. ஆனா கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற இரத்த எண், கிரியாற்றினின், அவவுக்குக் கொஞ்சம் கூடக் காட்டுது, திரும்ப எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு ஆஸ்பத்திரியாலை அனுப்பியிருந்தினம்.

கையைத் தொட்டா பப்படம் மாதிரிக் காய்ஞ்சு கிடக்குது. தோலைக் கிள்ளி விட்டா, கிள்ளின இடம் அப்பிடியே நிக்குது. முழங்கை மடிப்பிலை ஒண்டுமில்லை. கடைசியிலை குழந்தைப் பிள்ளையளுக்குப் பாவிக்கிற சின்ன ஊசியாலை புறங்கையிலை எடுத்தன், சொட்டுச் சொட்டா வந்தது. நோகுதோ எண்டு கேட்டன். "என்ரை கையை விடுங்கோ தங்கச்சி. என்ரை கிட்னி நல்லது எண்டு வரவேணும், அதுக்கு ஒரு வழியைப் பாருங்கோ."

எண் என்ரை கையிலையா இருக்குது. ஆனா அண்டைக்கு முழுக்க அந்தக் கை மனசுக்கை நிண்டுது.

என்ரை கை

அடுத்த கிழமை எனக்கு வருசாந்தப் பரிசோதனை. மிஷ்லினுக்கு முன்னாலை பெருமையாக் கையை நீட்டினன். அவ தடவுறா, தட்டுறா, மற்றக் கையைக் கேக்கிறா. பிறகு பிரெஞ்சிலை ஏதோ முணுமுணுத்தா.

உண்மையைச் சொன்னா என்ன. ஏழு மணிக்குக் கதிரையிலை இருந்தா பதினொரு மணி வரைக்கும் லைன் குறையாது. இடையிலை ரொய்லெற்றுக்கு எழும்பினா வெளியிலை இருக்கிறவை மணிக்கூட்டைப் பாப்பினம். அதாலை நான் விடிய ஒரு தேத்தண்ணியோடை நிப்பாட்டிப் போடுவன். பஸ் ஓட்டுறவை, கடையிலை காசு வாங்கிறவை, வகுப்பிலை நிக்கிற ரீச்சர்மார், நீங்களும் இதைத்தான் செய்யிறியள் எண்டு எனக்குத் தெரியும். மத்தியானத் தலையிடிக்குக் குளிசையும் போடுவியள். மிஷ்லின் ரெண்டாந்தரம் குத்தும்போது சொன்னதைத் தமிழிலை தாறன். "மற்றவைக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி குடி எண்டு பிரசங்கம். பிரசங்கம் பண்ணுறவளின்ரை கை பாலைவனம்."

அண்டைக்கே கீழை இருக்கிற டெப்பனேர் கடையிலை ஒரு பெரிய போத்தில் வாங்கி மேசையிலை வச்சன்.

நாலு கப்

அந்தப் போத்திலாலைதான் விஷயம் வெளியிலை வந்தது. பவானி அக்கா மூண்டாந்தரம் வந்தா. ரெண்டாவதும் கூடத்தான் காட்டினதாம். இந்த முறையும் அப்பிடி வந்தா தன்னை விலத்திப்போடுவினம் எண்டு பயந்து போயிருந்தா. கையைப் பாத்தன், அதே காஞ்ச கை. ஊசியை வச்சிட்டு, ஒரு கப்பிலை தண்ணி ஊத்தி நீட்டினன்.

"வேண்டாம் தங்கச்சி, இப்பதான் குடிச்சனான்" எண்டா. எங்கட சனம் ஆரின்ரை வீட்டுக்குப் போனாலும் சொல்லுற அதே பொய். நான் திரையை இழுத்து மூடிப்போட்டு, கப்பை நீட்டினபடியே நிண்டன். அவ கண் கலங்கி விஷயத்தைச் சொன்னா.

டயலிசிஸ் செய்யிறவைக்குக் குடிக்கிற தண்ணி உடம்பிலையே தங்கிப் போடும். அதாலை டொக்டர் அளவு வச்சுக் குடுப்பார். இராசன் அண்ணைக்கு நாளுக்கு நாலு கப். தேத்தண்ணி, சொதி, ஐஸ்கட்டி எல்லாம் அதுக்குள்ளைதான். "நாக்கு வறண்டு ஐஸ்கட்டியைச் சூப்பிக்கொண்டு இருக்கிற மனுசனுக்கு முன்னாலை நான் எப்பிடி மடக்கு மடக்கெண்டு குடிக்கிறது? பைப்பைத் திறக்கிற சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாப்பார்" எண்டா. ரெண்டு வருசமா அவவும் நாலு கப்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் "தண்ணி குடிக்கிறீங்களா" எண்டு கேட்ட நேரமெல்லாம் பிரெஞ்சிலை "வுய், வுய்", ஓம் ஓம் எண்டு தலையாட்டியிருக்கிறா.

எனக்குக் கோவம் வந்தது, அழுகையும் வந்தது. உடம்பிலை தண்ணி குறைஞ்சாலே அந்த எண் ஏறும். புருசனுக்குக் குடுக்கிறதுக்கு வச்சிருக்கிற கிட்னியை, புருசனிலை வச்ச பாசத்தாலையே காயப்போட்டுக்கொண்டு இருக்கிறா. நான் இரத்தம் எடுக்கேல்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் ஃபோன் எடுத்து அவவின்ரை கையிலை குடுத்து, இந்த முறை உள்ளதைச் சொல்லுங்கோ எண்டன். சொன்னா. நர்ஸ் ஏசேல்லை. அடுத்த கிழமை வரைக்கும் ஒழுங்காக் குடிச்சிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னா. அக்கா ஃபோனை வச்சிட்டு என்ரை கையைப் பிடிச்சா. "இராசனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி."

நான் சொல்ல ஏலாது, எங்கட வேலையிலை அது சட்டம். ஆனா ஒளிச்சு வச்சுக் குடிக்கிற தண்ணி எத்தினை நாளைக்கு இறங்கும், நீங்களே சொல்லுங்கோ எண்டு மட்டும் சொல்லி அனுப்பினன்.

ஒரு குத்து

அடுத்த கிழமை ரெண்டு பேருமா வந்தினம். இராசன் அண்ணையின்ரை மடியிலை ஒரு பெரிய போத்தில். அக்கா சொல்லியிருக்கிறா. வெளியிலை லைனிலை இருக்கேக்கை அவர் மூடியிலை ஊத்தி ஊத்திக் குடுக்கிறார், அவ அங்காலை திரும்பிக் குடிக்கப் பாக்கிறா. "இஞ்சாலை திரும்பிக் குடி, நான் பாக்க வேணும்" எண்டு சொல்லிப்போட்டுத் தன்ரை காஞ்ச உதட்டைத் தடவிக்கொண்டு இருந்தார். மிஷ்லினுக்குத் தமிழ் தெரியாது, ஆனா அவவும் ஊசியைக் கையிலை வச்சுக்கொண்டு அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா.

பவானி அக்காவின்ரை முழங்கை மடிப்பிலை நரம்பு நல்லாப் புடைச்சு நிண்டுது. ஒரே குத்து, ஒரு நிமிசத்திலை மூண்டு குழாயும் நிறைஞ்சுது. இராசன் அண்ணை அந்தக் கையையே பாத்துக்கொண்டு நிண்டவர். "ரெண்டு வருசமா என்னோடை சேந்து காஞ்சிருக்கிறாள் பிள்ளை. எனக்கு என்ரை தாகத்தைத் தவிர ஒண்டும் தெரியேல்லை."

ஆரின்ரை கிட்னி

எண் சரியா வந்தது. பிறகும் ஒருக்கா எடுத்துப் பாத்து, அதுவும் சரி எண்டாப் பிறகுதான் ஒப்பரேசன். நாள் வைக்க வெயில் காலமாகிச்சு, ரெண்டு பேரும் தேறி எழும்ப இலையுதிர் காலமாகிச்சு. இப்ப ரெண்டு பேரும் சோதனைக்கு ஒண்டா வருவினம். ஒராள் என்ரை கதிரையிலை, மற்ற ஆள் மிஷ்லினின்ரை கதிரையிலை.

இப்ப பிரச்சினை வேறை. புதுக் கிட்னி வச்சபடியால் இராசன் அண்ணை நிறையக் குடிக்க வேணும் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். ரெண்டு வருசம் நாலு கப்போடை நிண்ட மனுசனுக்கு அது இறங்குதில்லை. "ஒரு மிடறுக்கு ஏங்கித் திரிஞ்சனான் பிள்ளை. இப்ப இவள் மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போத்திலோடை வந்து நிக்கிறாள். ஒரு நாள் குறைஞ்சா என்ன வரப்போகுது" எண்டு என்னட்டை முறைப்பாடு வச்சார். பக்கத்துக் கதிரையிலையிருந்து பவானி அக்கா கையை நீட்டினபடியே, இஞ்சாலை திரும்பாமல் சொன்னா. "அது என்ரை கிட்னி. காய விடாதேங்கோ."

உங்களுக்காகக் குடியுங்கோ எண்டு சொன்னா எங்கட சனம் குடிக்காது எண்டு பதினொரு வருசத்திலை நல்லா விளங்கிப் போச்சு, அதாலை டொக்டர் தண்ணியைக் குறைக்கச் சொல்லாத நீங்கள் எல்லாரும், குத்துற எனக்காகவாவது விடிய ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு வாங்கோ.