பிரிண்டருக்கும் ஒரு பாடு

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "குமிழைத் திருப்பியது நான்தான் சார்." சொல்லியிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

சென்ற வியாழக்கிழமை காலை, பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் நான் இறங்கியதும் டீக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். "பாஷா சார் பூட்டாரும்மா. விடியக்காலம். நெஞ்சு வலியாம்." நான் அலுவலகத்துக்குப் போய்க் கதவைத் திறந்து, அவருடைய மேசையைப் பார்க்காமல், ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் மிதவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீனவர் திட்ட அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய பயங்கள் தெரியும். பிளக்கைத் தொடுமுன் கைக்குட்டையால் கையைத் துடைப்பார். செருப்பைக் கழற்றாமல்தான் கம்ப்யூட்டர் முன் உட்காருவார். ஏரியில் படகேறினால் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். "பழைய கப்பல் வியாபாரி வூட்டுப் புள்ள, தண்ணியப் பாத்தா நடுங்குது பார்" என்று மீனவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். "எங்க பாட்டனுங்க கப்பல்ல சரக்குதான் அனுப்புனாங்க, அவங்க போவல" என்பார்.

எங்களிடம் கம்ப்யூட்டர் இரண்டு, பிரிண்டர் ஒன்று. முன்னறையில் நான், பின்னறையில் அவர். நடுவில் ஒரு தகரப் பெட்டி. அதன் குமிழை இந்தப் பக்கம் திருப்பினால் பிரிண்டர் எனக்கு, அந்தப் பக்கம் திருப்பினால் அவருக்கு. உப்புக் காற்றில் ஒயரின் முனைகள் வாரத்துக்கு ஒரு முறை பச்சை பூத்துவிடும். சென்னையிலிருந்து ஆள் வர பத்து நாளாகும். பாஷா சார் பென்சில் ரப்பரால் அந்த முனைகளைத் தேய்த்து உயிர் கொடுப்பார். அவரிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் கரண்ட், பிறகு தாள், பிறகு ஒயர், பிறகு குமிழ். "ஆளக் கடைசியாத்தாம்மா பாக்கணும். மொதல்லயே ஆளப் பாத்தா ஒயரப் பாக்கத் தோணாது." அவர் சொன்னதில் நான் மறக்காதது இது. இன்னொன்றும் உண்டு: "பயப்படறவன் தொட்டா மிஷின் கெடாது."

ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் எந்த ஊர் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஊர்த் தலைவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நான் சேருவதற்கு முந்தைய வருடம் பாடு பற்றிய தகராறில் ஒருவருக்குத் துடுப்படி பட்டுக் கண் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் சீட்டில் விழுந்ததை அலுவலகத்தில் அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. மிஷின் யாருக்கும் மாமன் மச்சான் இல்லை என்று எல்லாரும் நம்பினார்கள்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம். வடகுப்பத்துப் பட்டியல் அவருடையது, நடுக்குப்பத்துப் பட்டியல் என்னுடையது. இரண்டும் இரண்டிரண்டு தாள். ஊர்ப் பெயர் முதல் தாளின் தலையில் மட்டும் இருக்கும். அதற்குக் கீழே தேதியும் இடமும்தான். என் முதல் தாளைக் காலையிலேயே எடுத்துவிட்டேன். சாயங்காலம் அவர் தம்முடையதை ஓடவிட்டுவிட்டு அசர் தொழுகைக்குப் போனார். பிரிண்டர் ஒரு தாள் அடித்துவிட்டு நின்றது. அது அடுத்த தாளுக்கு முன் மூச்சு வாங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. முடிந்துவிட்டதென்று நினைத்துக் குமிழை என் பக்கம் திருப்பி, என் இரண்டாம் தாளை ஓடவிட்டேன். காட்டூருக்குக் கடைசி பஸ். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியே வரும், காலையில் வந்து கிழித்துக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

தொழுகை முடிந்து வந்தவர், தொடர்ச்சியாக இருந்த இரண்டு தாளையும் தம்முடையது என்று கிழித்து வைத்திருக்கிறார். காலையில் என் தாளைக் காணோம். யாரோ குப்பையில் போட்டிருப்பார்கள் என்று இன்னொன்று அடித்தேன். நடுக்குப்பத்தின் நாட்கள் இரண்டு ஊர்களுக்கும் போயின.

பட்டியலின் பதினெட்டாம் நாள் காலை ஏழெட்டுப் பேர் ஈரக் காலோடு உள்ளே வந்தார்கள். முன்னால் வடகுப்பத்துத் தலைவர் தேசப்பன்.

"இன்னா பாய் இது? மொகத்துவாரத்துல நாங்க வலைக்கழி நட்டா அவனுங்களும் வந்து நடறானுங்க. கேட்டா அவன் கையிலயும் பேப்பர் கீது. ரெண்டு ஊரு படகும் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்குது."

"துடுப்பு தூக்கிட்டானுங்க பாய்" என்றார் பின்னால் நின்றவர்.

பாஷா சார் அவர்களை உட்காரச் சொன்னார். கோப்பிலிருந்த இரண்டு ஊர் நகல்களையும் அருகருகே விரித்துப் பார்த்தார். பிறகு தம் வழக்கப்படி கரண்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஒயரைத் தடவினார், குமிழில் கை வைத்தார். "அவங்க அங்க வெட்டிக்கப் போறாங்க, நீ இன்னா பாய் ஒயரத் தடவிக்கினு கீற!" என்று ஒருவர் கத்தினார். குமிழிலிருந்து கையை எடுத்து அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. குமிழைத் திருப்பிய கையை முந்தானைக்குள் மறைத்தேன்.

அவர் பீரோவைத் திறந்து, சீட்டுகள் வைத்த உறையை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "வாங்க, போலாம்" என்றார்.

"பாய், படகு ஆடும். காத்து வேற கீது" என்றார் தேசப்பன்.

"தெரியும்."

நான் படித்துறை வரை ஓடினேன். படகு சிறுத்துச் சிறுத்துப் புள்ளியானது. நடுவில் வெள்ளைச் சட்டை மட்டும் சற்று நேரம் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. நான் படித்த புத்தகங்கள் ஒன்றுகூட அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஒரு கண் போன மனிதரை, நான் பார்த்தேயிராத அவரை, நினைத்துக்கொண்டு நின்றேன்.

மதியத்துக்கு மேல் திரும்பினார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. ஒரு கால் செருப்பு இல்லை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார், பாதி மார்பில் கொட்டியது. "யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு வலை மிதவையைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். "இனிமே இது யார் கையில கீதோ, பிரிண்டர் அவங்க பாடு. வேல முடிஞ்சா திருப்பி மாட்டணும். மாட்டாத வரைக்கும் மத்தவங்க குமிழத் தொடக் கூடாது. எனக்கும் அதே ரூல்தான்." அதன் பிறகு எந்தத் தாளும் கலக்கவில்லை. ஒவ்வொரு தாளின் தலையிலும் ஊர்ப் பெயர் வந்தது. பதினான்கு மாதங்கள் அவர் எதிரில் அந்த மிதவையை எடுத்தேன், மாட்டினேன். ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் வாய்வரை வந்தது.

அடக்கத்துக்கு இரண்டு குப்பத்தாரும் வந்திருந்தார்கள். வீட்டு வாசலில் தேசப்பனிடம் சொன்னேன். "ஐயா, அன்னைக்கு அந்தக் குமிழைத் திருப்பியது நான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியுமேம்மா. அன்னிக்கே படகுல பாய் சொல்ட்டாரு."

"என்ன சொன்னார்?"

"'புதுசா வந்த பொண்ணு, அவசரத்துல திருப்பிடுச்சி. நான் படிச்சிப் பாக்காம கிழிச்சேன். ரெண்டு பேரு தப்பு. அடிக்கணும்னா நான் இங்க கீறேன், எனக்கு நீச்சல் தெரியாது'ன்னாரு. நீச்சல் தெரியாதவன நடு ஏரில எப்பிடிம்மா அடிக்கிறது? நடுக்குப்பத்தான் சிரிச்சிட்டான். அப்புறம் சீட்ட ஒண்ணொண்ணாப் படிச்சாரு, கேட்டுக்கினோம். அந்தப் பொண்ணாவே வந்து சொல்ற வரைக்கும் யாரும் அதங்கிட்ட கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அவர் எனக்காக விட்டுப்போனது ஒரு கேட்கப்படாத கேள்வி. அதையும் ஆணியில் தொங்கும் மிதவையையும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை புதிய பாடுப் பட்டியலை அச்சடித்தேன். வழக்கமாகத் தலைவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். இந்த முறை நானே படகேறி இரண்டு குப்பத்துக்கும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தேன். எனக்கும் நீச்சல் தெரியாது.