அக்கா தேர்ந்தெடுத்த கியர் ஆயில்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். அக்காவின் அன்பையும் பொறுமையையும் பற்றி இம்மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு கியர் ஆயிலைப் பற்றி எழுதுகிறேன். அக்கா எப்படிப்பட்டவர் என்பதை என்னால் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

அக்கா பொழிச்சலூரில் பிறந்தார். சிறுவயதில் மாடிப்படியிலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போனது. அப்பாவின் சைக்கிள் கேரியரில் காலை நீட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போவார். வகுப்பில் ஒருவன் கேலி செய்தபோது, "கிக்கர் மாதிரி இருக்குல்ல? உதைச்சுப் பாரு, ஸ்டார்ட் ஆவேன்" என்றாராம். வேதியியல் படித்துப் பட்டம் பெற்று, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பணியாளராகச் சேர்ந்தார். அத்தானைத் திருமணம் செய்துகொண்டு செம்பாக்கத்தில் குடியேறினார்.

அத்தானிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. இருவருக்கும் திருமணம் ஆகும்போதே அது பழைய வண்டி. அதன் அகலமான பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்து அக்காவால் காலை நீட்டிக்கொள்ள முடிந்தது. பேருந்துப் படி ஏறுவது அவருக்குச் சிரமம். ஆட்டோவில் கால் வெளியே நீண்டுவிடும். தினமும் கார் அமர்த்த வசதியில்லை. கல்லூரிக்குப் போக அவருக்கிருந்த ஒரே வழி அந்த வண்டிதான்.

ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருந்தபோது, ஒரு நாள் காலை ஏரிக்கரைப் பக்கம் வண்டி இரண்டாவது கியரிலேயே சிக்கிக்கொண்டது. பல்லாவரத்தில் பட்டறை வைத்திருக்கும் கபீர் பாய் வீட்டுக்கு வந்து கியர் பெட்டியைப் பிரித்தார். நானும் அங்கிருந்தேன். நடந்த பேச்சை அன்றே எழுதி வைத்திருந்ததால் மாற்றமின்றித் தருகிறேன்.

பெட்டிக்குள் தண்டைத் தாங்கும் வெண்கல புஷ்கள் கறுத்துத் தேய்ந்திருந்தன. "இன்னா சார் இது, போன வருசம்தான் புதுசு போட்டேன். அதுக்குள்ள இப்டி கருகிக் கீது?" என்றார் கபீர் பாய்.

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கறதுலேயே நல்ல ஆயிலாப் பார்த்து நானேதான் வாங்கி ஊத்தினேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வித்துடுவேன். சேலையூர்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றவர், அக்காவைப் பார்த்து, "நீயும் வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வீட்ல இரு" என்றார்.

"என் வேலைய கியர் பாக்ஸா முடிவு பண்ணும்?" என்றார் அக்கா. ஆயில் டப்பாவை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார். அதில் ஜி.எல். 5 என்று போட்டிருந்தது. பழைய பெட்டிகளுக்கு ஜி.எல். 4 என்றொரு ரகம் உண்டு என்றார்.

"நாலாங்கிளாஸைவிட அஞ்சாங்கிளாஸ் பெருசுதானே?" என்றார் அத்தான்.

கபீர் பாயின் கட்சி வேறு. "ரெண்டுமே வேணாம் சார். கிரீஸை அடைச்சுடலாம். ஆயில்னா ஒழுகிக்கினே இருக்கும், வூட்டுல டைல்ஸ் பாழாப் பூடும்."

"டைல்ஸைத் துடைச்சுக்கலாம் பாய். நீங்க கிரீஸ் அடைச்ச பெட்டியைத் திறந்து பார்த்திருக்கீங்களா?"

"பார்த்துக்கீறேன். ஓரமெல்லாம் ஒட்டிக்கினு இருக்கும்."

"கியர் பல்லுல?"

கபீர் பாய் தலையைச் சொறிந்தார். "பல்லு கிளீனாத்தான்கா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

உராயும் பல்லில் கிரீஸ் நிற்காது என்றால் அடைத்து என்ன பயன்? கிரீஸ் பேச்சு அத்துடன் முடிந்தது. நாலா ஐந்தா என்பதே மீதி. அக்கா யார் சொன்னதையும் அப்படியே ஏற்றுக்கொள்பவர் அல்லர். தான் சொல்வதையும் சேர்த்துத்தான். மேற்குத் தாம்பரம் கடைகளில் ஜி.எல். 4 கிடைக்கவில்லை. டிராக்டர் பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் தேடிப் பிடித்து, அந்த ரகத்தில், கெட்டித்தன்மை தொண்ணூறாம் நம்பர் உள்ள ஆயிலை நான் வாங்கி வந்தேன். கழற்றிய புஷ் ஒன்றைக் கபீர் பாய் இரண்டாக அறுத்துக் கொடுத்தார். அக்கா அவற்றை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். கல்லூரியில் பேராசிரியரிடம் அனுமதி பெற்று, இரண்டு சோதனைக் குழாய்களில் குழாய்க்கொரு ஆயிலை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போட்டுச் சூடான மணலில் நிறுத்தினார். மாலை வரை அப்படியே வைத்திருந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரு துண்டு போட்டபோது இருந்த நிறத்திலேயே இருந்தது. அத்தானின் ஆயிலில் கிடந்த துண்டு தோசைக்கல்லைப் போலக் கறுத்திருந்தது.

அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அஞ்சாங்கிளாஸ் ஃபெயிலா?"

"ஃபெயில் இல்லைங்க. லாரி அச்சுக்கு அது நல்ல ஆயில். இரும்புப் பல்லைக் காப்பாத்த அதுல கந்தகச் சரக்கு அதிகமாப் போடறாங்க. நம்ம பெட்டியில வெண்கலம் இருக்கு, சூடேறினா அதைத் தின்னுடும்."

கபீர் பாய் புது புஷ்களைப் போட்டு, அக்கா சொன்ன ஆயிலை ஊற்றினார். அத்தான் எப்போதும் வாய் வரை நிரப்பிவிடுவார். ஒழுகலுக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று கபீர் பாய் கண்டுபிடித்தார். "அளவு பாக்குற லெவல் போல்ட்டு வரிக்கும் போதும் சார். மேல ஊத்துறது தரைக்குத்தான்" என்றார். அது அக்காவுக்கே புதிய செய்தி. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஒருமுறையும் சிக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை ஆயில் மாற்றும்போது, வடித்ததில் வெண்கலம் தேய்ந்த மஞ்சள் பொடி மினுங்குகிறதா என்று அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மினுங்கவில்லை. முழுப் பணிக்காலமும் வேலை பார்த்து, கடைசி நாள் சாயங்காலம் மாலையும் கழுத்துமாக அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினார். சேலையூர்க்காரர் அதன்பின் கேட்பதை விட்டுவிட்டார்.

ஓய்வுக்குப் பின் அக்காவுக்கு நல்ல ஆண்டுகள் கிடைத்தன. தெருப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தார். சென்ற ஆண்டு இதயம் பலவீனப்பட்டு, மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்து, அத்தான் அருகிலிருக்க அமைதியாகக் கண்மூடினார். எந்த மாத்திரையையும் எதற்கு என்று கேட்காமல் அவர் விழுங்கியதில்லை. சலிக்காமல் பதில் சொன்ன மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த வாரங்களில் அத்தானைச் சாப்பிட வைத்த பக்கத்து வீட்டாருக்கும், அக்காவுடன் பணியாற்றிய கல்லூரி நண்பர்களுக்கும், தகவல் தெரிந்த உடனே பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடி வந்த கபீர் பாய்க்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

உங்களில் சிலர் அந்த வண்டியை இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று என்னிடம் விசாரித்தீர்கள். அத்தானிடமே கேட்டேன். போன வாரம்தான் ஆயில் மாற்றியிருந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பெட்டி நல்லா இருக்குப்பா. நல்லா இருக்கறத எதுக்குக் குடுக்கணும்?"