மேல் தெருக் குழாயும் எங்கள் சம்பந்தியும்

என் பேத்தி கொட்டாவி விட்டால்கூட அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனால் இப்போது எழுத வந்தது அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றி.

எங்கள் சம்பந்தி வெல்டர். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். நாள் முழுக்கப் பட்டறையில் நெருப்புப் பொறியோடு மல்லுக்கட்டிவிட்டு, கண் சிவந்து வீடு திரும்புவார். வீடு மேட்டு உச்சியில், மேல் தெருவில் இருக்கிறது. தண்ணீர்க் குழாயோ கீழ்த் தெருவோடு நின்றுவிட்டது. மேலே இருப்பவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். கல்யாணமாகிப் போன என் மகளும் ஏறினாள். "நான் தூக்கறேன், நீ வைம்மா" என்பார் சம்பந்தி. ஆனால் தண்ணீர் வருகிற நேரத்தில் அவர் பட்டறையில் இருப்பார்.

வார்டில் என்ன வேலை நடக்க வேண்டும் என்று ஜனங்களே கூடி முடிவு செய்யலாம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வருஷத்துக்கு ஒரு கூட்டம், ஒரு வேலை. எதற்கு அதிகம் பேர் கை தூக்குகிறார்களோ அது திட்டத்தில் ஏறும். கூட்டம் சேர்க்கும் கமிட்டிக்கு வர ஆள் இல்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத எங்கள் சம்பந்தியைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

முதல் வருஷம் வேலை முடிந்த கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"குழாய்க்குக் கை தூக்க மாட்டேனா வெல்டரே?" என்றார் மளிகைக்கடைக்காரர். "நீங்களும் நம்ம கடை முனைக்கு ஒரு விளக்கு வேணும்னு தூக்கிடுங்க."

"அதுக்கென்ன, தூக்கிட்டாப் போச்சு."

அடுத்து கண்டக்டர் வீடு. "பஸ் ஸ்டாப்புல எங்கம்மா மழையில நனையுதுண்ணே. கூரைக்கு நீங்க தூக்குங்க, குழாய்க்கு நாங்க குடும்பத்தோட தூக்கறோம்."

அதற்கும் தலையாட்டினார். அவர் மட்டுமா? எல்லாரும் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைக் கீழே வைக்க யாருக்கு மனசு வரும்?

கூட்டத்தில் குழாய் என்றார் வார்டு ஆபீஸ் அதிகாரி. அத்தனை கையும் மேலே போயின. விளக்கு என்றார். அத்தனையும் மறுபடி மேலே. கூரைக்கும் அப்படியே. தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைக்கூட இடித்து எழுப்பித் தூக்க வைத்தார்கள்.

"என்னங்க, டிரில் எடுக்கறீங்களா? ஏதாவது ரெண்டுக்குக் கையை இறக்குங்க" என்றார் அதிகாரி.

யாரும் இறக்கவில்லை. மூன்றும் சமம் என்பதால் ஆபீசே முடிவு செய்துகொள்ளும் என்று எழுந்து போய்விட்டார். ஆபீஸ் முடிவு செய்தது. வார்டு ஆபீஸ் சுற்றுச்சுவருக்குப் புதுப் பெயிண்ட் வந்தது.

"மாமா, உங்க கையும் மூணு தடவை ஏறுச்சாமே?" என்றாள் என் மகள்.

"ஏறிடுச்சும்மா" என்றார்.

அடுத்த வருஷக் கூட்டம் வரும்போது என் மகள் மாசமாக இருந்தாள். அந்த வயிற்றோடும் படியேறினாள். குழந்தை வருவதற்குள் குழாய் வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் சம்பந்தியின் நினைப்பு. மறுபடி அதே வாசல்களில் போய் நின்றார். இந்தத் தடவை பேச்சு வேறு.

"ஆளுக்கு ஒரு வேலைக்குத்தான் தூக்கணும். உங்க விளக்குக்கு நான் தூக்கப்போறதில்ல. நீங்களும் என் முகத்துக்காகக் குழாய்க்குத் தூக்காதீங்க. உங்களுக்கு எது அவசரமோ அதுக்குத் தூக்குங்க."

கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "உதவ மாட்டேன்னு வாசல் தேடி வந்து சொல்ற மனுஷனை இப்பதான்யா பார்க்கறேன்."

கண்டக்டர் மட்டும் சிரித்தார். "டிக்கெட் மாதிரியாண்ணே? தலைக்கு ஒண்ணா?"

"ஆமாப்பா, தலைக்கு ஒண்ணு."

சுற்றி முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தார். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "கால் பரவால்ல சம்பந்தி. முகம்தான் வலிக்குது" என்றார்.

அந்தக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வேறு வார்டுக்காரன், எனக்கு அங்கே கை கிடையாது. விளக்கு என்றதும் கடைக்காரர் கையைத் தூக்கிவிட்டு, திரும்பி நேராகச் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி வலது கையை மடியில் வைத்து இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கூரைக்குக் கண்டக்டர் வீட்டார் தூக்கினார்கள். குழாய்க்கு மேல் தெரு மொத்தமும் தூக்கியது, கீழிருந்தும் சிலர் தூக்கினார்கள். கொஞ்ச வித்தியாசத்தில் குழாய் ஜெயித்தது. யாரும் கை தட்டவில்லை. கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து சம்பந்தியோடு பேச்சில்லை.

பேத்தி பிறந்தாள். பள்ளம் தோண்டினார்கள், குழாய் வந்தது. பாதிப் படி வரைக்கும் வந்து நின்றது. இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான், மீதியை அடுத்த கூட்டத்தில் கேளுங்கள் என்றது ஆபீஸ். இப்போது என் மகள் பாதிப் படி இறங்கி, பாதிப் படி ஏறுகிறாள்.

போன வாரம் போயிருந்தேன். பேத்தி சம்பந்தியின் மடியில் உட்கார்ந்து மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதுகூடத் தெரியாமல் அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"விட்டுத் தள்ளுங்க சம்பந்தி. இனிமே வேற யாராவது அலையட்டும்" என்றேன்.

"யாரு?"

பேத்தியின் விரலை அவர் மீசையிலிருந்து விடுவித்தேன்.

"கூட்டம் வருது. முதல்ல கடைக்காரரைப் பார்க்கணும்" என்றார்.

"அவரையா? மூஞ்சியைத் திருப்பிக்கறவரையா?"

"அவரு வராம இருந்துட்டா, கூடவே கீழ்த் தெருவும் வராதுங்க. அப்புறம் அது என்ன கூட்டம்? விளக்குக்கே தூக்கட்டும். வந்து தூக்கட்டும்."

பேத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் மேலிருந்து பார்த்தோம். கடையில் கூட்டமில்லை. கடைக்காரர் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தட்டைத் துடைத்தார், தராசைத் துடைத்தார், மறுபடி தட்டைத் துடைத்தார். சம்பந்தி ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.