பழைய முகவரி காட்டிய வெயில்

மரக்காணம் உப்பள ஆபீசில் கம்ப்யூட்டரைப் பராமரிப்பதும், வானிலை பார்த்துச் சொல்வதும் என் வேலை. இணைய லைன் மெதுவாக இருந்ததால் நான்தான் பிராக்சி என்ற இடைக் கணினி ஒன்றை வைத்தேன். எல்லோருடைய இணையமும் அதன் வழியாகத்தான் போகும். அது நடுவில் நிற்பது யாருக்கும் தெரியாது. ஒரு தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்ற முகவரியை ஒருமுறை விசாரித்து, நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று தளமே சொல்லும். நான் அதை மதிக்காமல் ஒரு வாரம் என்று போட்டேன். திமிர்.

அந்த வாரம் வானிலைத் தளம் வேறு சர்வருக்கு மாறியது. பிராக்சி பழைய சர்வருக்கே போய், அங்கே கிடந்த பழைய பக்கத்தைக் கொண்டுவந்தது. வெயில் என்றது. தேதியை நான் கவனிக்கவில்லை.

உப்பு வாரும் அக்கா ஒருவர் வாசலில் வந்து நின்றார். "சார், காத்து மாறுது. உப்பக் குவிச்சு மூடிடலாமா?"

சந்தேகத்துக்கு என் போனிலும் பார்த்தேன். அதுவும் ஆபீஸ் வைஃபையில்தான் இருந்தது. அதே பிராக்சி, அதே வெயில்.

"மழை இல்லக்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

சாயங்காலத்துக்குள் பாத்திகளில் உப்பு இல்லை, மழைத்தண்ணீர்தான். வெடித்த பாதங்களோடு அவர் அதில் இறங்கி நின்று, காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

அதை என் மேசைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். அன்றைக்கு அந்த ஜன்னலை நான் திறந்தது அப்போதுதான்.