சாவு போட்டோக்காரரின் சுவர்

என் அப்பாவின் படங்களைச் சுவரிலிருந்து இறக்க வைத்தது நீங்கள்தான், செயலாளர் அவர்களே. சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

வாசகர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கோவையில் ஒரு ஹாலில் போட்டோ கண்காட்சி வைத்தேன். ஒரு சுவர் எனக்கு. எதிர்ச்சுவர் அப்பாவுக்கு.

நான் கல்யாணம் எடுப்பவள். அது உங்களுக்குத் தெரியும். அப்பா சாவு எடுத்தவர். அந்தக் காலத்தில் பல பேருக்கு உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட இருக்காது. மூச்சு நின்ற பிறகுதான் போத்தனூரில் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். உடம்பை நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்கத் துண்டால் கட்டி, சொந்தபந்தம் சுற்றி நிற்க... ஒரே ஒரு படம்.

பல்லடம் முதல் துடியலூர் வரை அப்பா போகாத ஊர் இல்லை. ஆனால் அதே வீட்டில் கல்யாணம் என்றால் டவுனிலிருந்து வேறு ஆள் வருவார். சாவு எடுத்த கேமரா மணமேடைக்கு ஆகாதாம்!

நான் தொழிலுக்கு வந்த பிறகும், நான் எடுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் அப்பா வந்ததில்லை. லைட் பிடிக்கக்கூட. இரண்டு பேருக்கும் ஒரே தொழில். ஆனால் தொழில் என்று ஒரே இடத்தில் சேர்ந்து நின்றதில்லை. அதற்குத்தான் இந்தக் கண்காட்சி. வேறு எதற்கும் இல்லை.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு படம். சாவு அப்பா எடுத்தது, கல்யாணம் நான் எடுத்தது. எல்லா வீட்டிலும் கேட்டுத்தான் மாட்டினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. எதிரெதிரே வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கவனித்தேன் — கல்யாணப் படத்தில் பட்டு கசங்கிவிடுமோ என்று தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். சாவுப் படத்தில்தான் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

திறப்பு விழா அன்று காலையில் ஹால் செயலாளர் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க படமெல்லாம் ஜோருங்க. எதுத்தாப்புல இதென்னங்க? குத்துவிளக்கு ஏத்தற எடத்துல பொணமுங்களா?"

"எங்கப்பா எடுத்ததுங்க. போன மாசமே உங்ககிட்டக் காட்டினனே?"

"போன்ல சின்னதாத் தெரிஞ்சுதுங்க. கழட்டிப்போடுங்க. இல்லீன்னா ஹால் இல்லீங்க."

நான் சத்தம் போட ஆரம்பித்தேன். அதற்குள் பின்னால் ஏதோ உரசும் ஓசை. திரும்பினால், அப்பா. விழாவுக்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, தன் படங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"உடு கண்ணு. அவுங்க சொல்றதும் நாயந்தான். நல்ல காரியத்துல இது என்னத்துக்கு?"

எந்த இடத்தில் ஒதுங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படங்களைப் பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைத்துவிட்டு, செயலாளரிடம் போய்க் கும்பிட்டார்.

"ஏனுங்க, பல்லடத்து ஊட்டுல அம்மா படம் மங்காம இருக்குதுங்களா?"

செயலாளர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அந்த போன் அடிக்கவே இல்லை.

பஸ் ஸ்டாப் பேக்கரியில் டீ குடிக்கும்போது கேட்டேன். "எந்த அம்மாப்பா?"

"அவுங்கம்மாதான் கண்ணு. உசுரோட இருந்தப்ப ஒரு படம் இல்ல. நாற்காலியில உக்கார வெச்சு நாந்தான் எடுத்தேன். மொகத்த மட்டும் பெருசு பண்ணி, மூடுன கண்ணு மேல முழிச்சாப்புல கண்ணு வரைஞ்சு குடுத்தேன். இந்தத் தம்பிதான், அம்மா என்னயப் பாக்குதுன்னு அழுதுபோட்டுது."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சாவுப் பேச்சு?" என்றவர், போத்தனூர் பஸ் வந்ததும் ஏறிவிட்டார். திறப்பு விழாவுக்கு நிற்கவில்லை.

மாலையில் கூட்டம் வந்தது. ஜூஸ், செல்ஃபி, பாராட்டு. எதிர்ச்சுவரில் வெறும் ஆணிகள். ஒருவர் மட்டும் கேட்டார், "மேடம், இது மாடர்ன் ஆர்ட்டா?" ஆமாம் என்றேன். ஆணிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பக்கம் வேறு யாரும் வரவில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு, அந்தச் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே நான் எடுத்த அத்தனை கல்யாணங்களும் சிரித்துக்கொண்டிருந்தன. என் பின்னால் யாரும் இல்லை.

நம் ஊர் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. படம் மட்டும் வீட்டுக்குள் வேண்டும், எடுத்தவன் வாசலோடு போய்விட வேண்டும். அப்படித்தானே?

செயலாளர் அவர்களே, உங்கள் பெயரை நான் எழுதவில்லை. அதை நீங்களே எழுத வேண்டும். உங்கள் வீட்டில் மாலை போட்டு, விளக்கேற்றிக் கும்பிடுகிறீர்களே ஒரு படம்... அது பிணமா, அம்மாவா?

போனில் சொல்ல வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். இதே பத்திரிகையில், ஊரே படிக்கிற மாதிரி, பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.