ஆட்டோவைச் சுற்றி வந்த பைலட்

ஆஸ்டின் டவுனில் தினமும் என் ஆட்டோவில் ஏறுமுன், அந்தப் பெண் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பார்ப்பாள். வெயிலில் கறுத்த முகம். படிப்பு முடித்த புது பைலட். ஜக்கூர் விமானத் தளத்தில் ஒரு முதலாளியிடம், என்றாவது ஓட்டக் கிடைக்குமென்று விமானம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானமே போன் செய்து கூப்பிட்டாள். போனேன். கண் சிவந்திருந்தது.

"இன்னிக்குத்தான் முதல்முறையா ஓட்டச் சொன்னாருண்ணா. ஏறுறதுக்கு முன்னாடி விமானத்தைச் சுத்தி வந்து பார்த்தா, பிரேக்ல எண்ணெய் கசிஞ்சுது, முடியாதுன்னேன். கஸ்டமர் காத்திருக்காங்க, எடுக்கலன்னா நாளைலேர்ந்து வராதேன்னாரு."

"அப்புறம்?"

"வேலை போயிடுமேன்னு மறுபடி போய்ப் பார்த்தேன். அப்பவும் கசிஞ்சுது. வந்துட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் என் ஆட்டோவைச் சுற்றி வர ஆரம்பித்தாள். என்னையறியாமல் நான் சீட்டைவிட்டு இறங்கி நின்றேன்.